மாட்டுக்கு ஒரு மருத்துவர்: சென்னை மாகாணத்தில் கால்நடைப் பணியின் ஊதியமும் படிநிலையும்

பிரித்தானிய இந்தியாவில் கால்நடை மருத்துவம் அரசுப் பணியாக உருவெடுத்தபோது அதன் முதல் கவலை குதிரையைப் பற்றியதாக இருந்தது. படைக்குக் குதிரை இன்றியமையாதது என்பதால் அதன் தீனி, லாடம், இனவிருத்தி, நோய் ஆகியவற்றைக் கவனிக்க இங்கிலாந்தில் பயின்ற மருத்துவர்கள் படைச் செலவில் அமர்த்தப்பட்டனர். உழவரின் மாடோ ஊர் மாட்டு வைத்தியரின் பொறுப்பில் இருந்தது. மூங்கில் குழாயில் மருந்து புகட்டியும் வீக்கம் கண்ட இடத்தில் சூடு போட்டும் வந்த அவரைப் பற்றி அரசு ஏடுகள் ஏளனத்தோடே எழுதின. விலங்கு யாருடையது, அதற்குச் செலவிடுபவர் யார் என்னும் இரண்டு கேள்விகளே இத்தொழிலில் ஆள் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் முடிவு செய்தன. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த அடிப்படை பெரிதும் மாறவில்லை.

மாட்டின் பக்கம் அரசின் பார்வையைத் திருப்பியது வெக்கை நோய். கடுங்காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல் எனத் தொடங்கிச் சில நாட்களில் உயிரைப் பறிக்கும் இந்நோய் ஒரு வட்டாரத்தில் புகுந்தால் ஏருக்கும் கமலைக்கும் மாடின்றி நிலம் தரிசாகும். தரிசு நிலத்திலிருந்து வரி வராது. ஹாலன் தலைமையிலான மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் தன் அறிக்கையை 1871இல் அளித்தது. ஆயினும் 1890களின் தொடக்கத்தில்தான் படைத்துறைக்கு வெளியே தனியாகக் குடிமைக் கால்நடைத் துறை அமைந்தது, அதிலும் குதிரை, கோவேறு கழுதை இனவிருத்தியே தொடக்கத்தில் பெரும் பங்கு வகித்தது. லாகூரிலும் (1882) பம்பாயிலும் (1886) கல்லூரிகள் தோன்றிய பின், 1903 அக்டோபர் 1 அன்று சென்னை வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் 20 மாணவர்களுடன் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

அக்கல்லூரி உருவாக்க விரும்பியது துறையின் அதிகாரிகளை அன்று, அவர்களுக்குக் கீழ்ப்பணிபுரியும் உதவியாளர்களையே. மேல்நிலைப் பதவிகள் இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கழகத்தின் உறுப்பினர் தகுதி பெற்றோருக்கு உரியவை. அவர்கள் இங்கிலாந்தில் தேர்வு செய்யப்பட்டு வந்தவர்கள். வேப்பேரியில் மூன்றாண்டு படித்துப் பட்டயம் பெற்றவர் கால்நடை உதவியாளராக நுழைந்து, மிகுந்த பணிமூப்புக்குப் பின் ஆய்வாளராகலாம். இரு படிகளுக்கும் இடைப்பட்ட சம்பள வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடு என்று கொள்ள முடியாது. நோயின் முகத்தில் நின்றவர் கீழ்ப்படியில் இருந்தவரே. கிராம அதிகாரியிடமிருந்து தகவல் வந்ததும் சுற்றுப்பயண உதவியாளர் சீரம் புட்டிகளுடன் ஊருக்குப் போக வேண்டும். சீரம் என்பது நோயை எதிர்க்கும் ஆற்றல் ஏற்றப்பட்ட மாட்டின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நீர். இமயமலைச் சாரலில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் அது பெருமளவில் தயாரானது. மாட்டின் எடைக்கேற்ப அளவிட்டு ஒவ்வொன்றாக ஊசி போட்டாலும் பாதுகாப்பு சில வாரங்களே நிற்கும், எனவே நோய் திரும்பினால் அவரும் திரும்ப வேண்டும். அதற்குள் ஊசி போட்ட மாடு ஏதேனும் இறந்திருந்தால் ஊரார் மற்ற மாடுகளைக் காட்டுக்கு ஓட்டிவிடுவதில் வியப்பில்லை.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தால் கால்நடைத் துறை மாகாண அமைச்சர்களிடம் வந்தது. அவ்வாறு மாற்றப்பட்ட துறைகளுக்கு அகில இந்திய அளவில் ஆளெடுப்பதை நிறுத்தப் பரிந்துரைத்த லீ ஆணையம் (1924), பணியில் இருந்த ஐரோப்பியருக்குக் கூடுதல் சலுகைகளையும் அதே அறிக்கையில் கேட்டது. உச்சியிலிருந்த நாற்காலிகள் இந்தியருக்குத் திறந்தன. அடிப்படியின் நிலையோ மெதுவாகவே அசைந்தது. லின்லித்கோ தலைமையிலான வேளாண்மை அரச ஆணையம் 1928இல் 25,000 மாடுகளுக்கு ஒரு மருத்துவர் என்னும் அளவை முன்வைத்தது. இன்றைய கண்ணுக்கு மிகக் குறைவாகத் தோன்றும் அந்த அளவும் அன்று எட்டாத இலக்காகவே இருந்தது. 1935இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இந்தியாவில் முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தில் பட்டம் வழங்கும் நிலையை எட்டியது. பட்டயக்காரர் என்ற குறை நீங்கியதால் பிற துறைப் பட்டதாரிகளுக்கு இணையான ஊதியம் கேட்க ஓர் ஆதாரம் கிடைத்தது.

விடுதலைக்குப் பின் அரசு மருந்தகத்தில் மாட்டுக்கு இலவச மருத்துவம் என்பது நிலைபெற்றது. ஏழை உழவருக்கு அது பெரும் உதவி. ஆனால் கட்டணம் வாங்கித் தனியே தொழில் நடத்த கிராமத்தில் வழியில்லாமல் போயிற்று. இதனால் பட்டதாரியின் எதிர்காலம் அரசு உருவாக்கும் பணியிடத்தையே நம்பியிருந்தது. நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளும் நகரத்து நாய், பூனைகளும் பின்னர்தான் தனியார் வருவாய்க்கு வழி திறந்தன. மத்திய அரசுப் பணியில் இருப்போர் தனியே தொழில் நடத்தக் கூடாது என்பதற்கு ஈடாக, மனித மருத்துவருக்குப் போலவே கால்நடை மருத்துவருக்கும் ஒரு படி வழங்கப்படுகிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அது அடிப்படை ஊதியத்தில் 20 விழுக்காடு.

வெக்கை நோய் 1995க்குப் பின் இந்தியாவில் தென்படவில்லை; 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இதற்கு உழைத்த பணியோ இன்றும் விட்டுவிட்டே நிரப்பப்படுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019இல் ஒரே அறிவிப்பில் 1,141 கால்நடை உதவி மருத்துவர் இடங்களுக்கு விண்ணப்பம் கோரியது. அப்போது தொடக்க ஊதியம் 55,500 ரூபாயாக இருந்தது. ஒரே மூச்சில் அத்தனை இடங்களை அறிவிக்க நேர்ந்தது ஆண்டுதோறும் ஆளெடுக்கும் ஒழுங்கு இல்லாததையே காட்டுகிறது. 1976இல் தேசிய வேளாண்மை ஆணையம் 2000ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டிய அளவாகக் குறித்தது 5,000 மாடுகளுக்கு ஒரு மருத்துவர். 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகளும் எருமைகளும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கோடி; அவற்றுக்கு மட்டுமே 2,000 மருத்துவர்கள் வேண்டும், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வெள்ளாடு, செம்மறிகள் அந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.