சோழர் வரலாற்று ஆய்வில் கருத்துச் சட்டகங்கள்

கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் தாமே வரலாறு ஆகிவிடுவதில்லை. அவற்றை ஒருவர் வரிசைப்படுத்தி, இன்னதற்கு இன்னது காரணம் என்று இணைத்துக் காட்டும்போதே வரலாறு உருப்பெறுகிறது. அவ்வாறு இணைப்பதற்கு ஆய்வாளர் மனத்தில் முன்னரே ஓர் அமைப்பு இருத்தல் வேண்டும். அரசு என்பது எத்தகையது, வரி எவ்வாறு திரட்டப்படும், ஊர் யாரால் ஆளப்படும் என்பன பற்றிய முற்கருத்துகளின் தொகுதியே அவ்வமைப்பு. அதனைக் கருத்துச் சட்டகம் என்று ஆய்வுலகம் வழங்குகிறது. சட்டகமே இல்லாத ஆய்வு இல்லை எனலாம். தம் சட்டகம் இன்னது என்று அறிந்து எழுதுவோரும் அறியாது எழுதுவோரும் உளர் என்பதே வேறுபாடு.

ஒரு துறையில் உருவான சட்டகம் மற்றொரு துறைக்குப் பெயர்ந்து செல்வதும், ஒரு நாட்டு மக்களைப் பற்றி எழுந்த கருத்து வேறொரு நாட்டு மக்களுக்குப் பொருத்தப்படுவதும் கடந்த இரு நூற்றாண்டுகளில் பெருவழக்காயின. அப்பெயர்ச்சியால் தமிழ் பெற்ற பயன் சிறிதன்று. வடமொழியையும் ஐரோப்பிய மொழிகளையும் ஒப்பிட்டு நோக்கியதில் வளர்ந்த ஒப்பியல் முறையைத் தென்னாட்டு மொழிகளுக்குப் பயன்படுத்தியே, அவை வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்பதை 1816-ஆம் ஆண்டில் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். கருவி வெளியிலிருந்து வந்ததாயினும், அதனால் விளங்கியது நம் மொழிக் குடும்பத்தின் தனித்தன்மையே.

எல்லாப் பெயர்ச்சியும் இவ்வளவு செவ்வையாக முடிவதில்லை. சோழப் பேரரசு எத்தகைய அரசு என்னும் வினாவை ஒட்டி அறிஞரிடையே நிகழ்ந்த நெடிய வாதம், சட்டகங்களின் பயனையும் அவற்றின் எல்லையையும் ஒருங்கே காட்டுவது. தாயகத்திற்கு வெளியே வாழும் நாம் அதனை அறிந்திருத்தல் நன்று. நம் பிள்ளைகள் சோழரைப் பெரும்பாலும் பாடநூலின் சில பக்கங்களிலும், கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னிலும், 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அதன் திரைவடிவத்திலுமே காண்கின்றனர். அவர்கள் வளர்ந்து வினவுங்கால் நாம் கூறும் விடை பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது.

பேரரசு என்னும் ஓவியம்

1890 முதல் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் வெளிவரலாயின. அவற்றையும் பின்னர்ப் படியெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளையும் துணைக்கொண்டு, கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் இரு பகுதிகளாக வெளியிட்டார். தமிழில் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தை 1949 முதல் மூன்று பகுதிகளாக எழுதினார். இன்றும் இவ்விருவர் நூல்களையும் கடந்து செல்வார் எவரும் இலர்.

சாஸ்திரியார் தீட்டிய ஓவியத்தில் இரு கூறுகள் உள்ளன. மேலே, பைசாந்தியப் பேரரசர்க்கு ஒப்பான மாட்சியுடைய மன்னனும் அவன் ஆணையைப் படிப்படியாக நிறைவேற்றும் அதிகாரிகளும். கீழே, தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொண்ட ஊர்களும் சபைகளும். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்த செய்தியை அவை விரிவாகக் கூறுவதால், இரண்டாம் கூற்றுக்குத் தலையாய சான்றாயின.

இவ்வோவியமும் ஒரு சட்டகத்தினின்று எழுந்ததே. இந்தியர்க்குத் தம்மைத் தாமே ஆளும் மரபு இல்லை என்று ஆட்சியாளர் கூறிய காலத்தில், வலிமையான மைய ஆட்சியும் ஊராட்சியும் நமக்குப் பழமையானவை என்று காட்டும் விழைவு அறிஞர் பலரிடத்தும் இருந்தது. அக்காலத்து மக்கள் கண்முன் நின்ற அரசு, தலைமைச் செயலகமும் மாவட்ட அலுவலரும் கோப்புகளும் கொண்ட அரசு. அதன் சாயல் பழைய அரசின்மேல் படிந்ததில் வியப்பில்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சட்டகம்

அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் இவ்வோவியத்தில் ஒரு முரண்பாட்டைக் கண்டார். மேலே அத்துணை வலிமையான அதிகாரிகள் இருந்திருப்பின், கீழே அத்துணை உரிமையுடைய ஊர்கள் எவ்வாறு இருந்திருக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடிய அவர் மானிடவியலை நாடினார்.

மானிடவியலில் இக்கருத்தின் வரலாறு சுவையானது. தெற்குச் சூடானின் நூயர் மக்களைப் பற்றி எவன்ஸ்-பிரிட்சார்டு 1940-இல் ஒரு நூல் எழுதினார். அரசன் இல்லாத அம்மக்கள், ஒத்த கால்வழிக் கிளைகளாகப் பிரிந்தும், பொதுப் பகை நேர்ந்தவிடத்து ஒன்றுகூடியும் ஒழுங்கைக் காத்தனர் என்பது அவர் கண்ட முடிவு. ஏடன் சவுத்தால் உகாண்டாவின் வடமேற்கிலும் அதனை அடுத்த காங்கோப் பகுதியிலும் வாழும் ஆலூர் மக்களை ஆராய்ந்து 1956-இல் தம் நூலை வெளியிட்டார். ஆலூர் மக்களுக்குத் தலைவர்கள் உண்டு. மழையை வருவிக்கவும் வழக்கைத் தீர்க்கவும் வல்லவர் என்று கருதி, அண்டை மக்கள் அத்தலைவர்களின் மைந்தரைத் தாமே அழைத்துச் சென்று தலைமையில் அமர்த்தினர். தலைவனது சமயச் சடங்கு சார்ந்த மேன்மை நெடுந்தொலைவு பரவிற்று. அவனது நேரடி ஆட்சியோ சிறு வட்டத்துள் அடங்கிற்று. இத்தகைய அமைப்பைச் சவுத்தால் ‘செக்மெண்டரி ஸ்டேட்’ என்றார். நாம் இதனைக் கூறுநிலை அரசு என்று வழங்கலாம்.

1980-இல் வெளிவந்த ஸ்டைனின் நூல் இச்சட்டகத்தைச் சோழர்க்குப் பொருத்திற்று. அவர் கருத்தில், சோழநாட்டின் உண்மையான அடிப்படை வேளாண் மக்கள் வாழ்ந்த ‘நாடு’ என்னும் சிறு வட்டாரமே. ஒவ்வொரு நாடும் தன்னளவில் நிறைவான ஒரு கூறு. மன்னனது நேரடி ஆட்சி காவிரிப் படுகையை ஒட்டிய நடுப்பகுதிக்கு அப்பால் பெரிதும் செல்லவில்லை. ஏனைய இடங்களில் அவன் சடங்கு நிலையில் மட்டுமே தலைவன். பிரமதேயமும் பெருங்கோயிலும் அத்தலைமையை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தின.

மனக்குறையும் ஆய்வும்

கங்கையும் கடாரமும் கொண்டவன் என்று நாம் போற்றும் மன்னனை ஓர் ஆப்பிரிக்கக் குடித்தலைவனோடு ஒப்பிடுவதா என்னும் மனக்குறை தமிழர் சிலர்க்கு எழக்கூடும். அம்மனக்குறையை நாம் நேர்மையாக ஆராய்தல் வேண்டும். பைசாந்திய வேந்தனோடு ஒப்பிட்டபோது மகிழ்ந்த உள்ளம், ஆலூர்த் தலைவனோடு ஒப்பிட்டபோது வருந்துமாயின், நாம் எடைபோடுவது சோழர் ஆட்சியை அன்று. மக்களினங்களுள் உயர்வு தாழ்வு கற்பித்து அதனையே எடைபோடுகிறோம். பிறரால் அவ்வாறு எடைபோடப்பட்ட துன்பத்தை அறிந்த சமுதாயத்திற்கு இது அழகன்று. ஒப்புமை பொருந்துகிறதா என்பது ஒன்றே கேட்கத்தக்க வினா. அதற்கு விடை கூற வேண்டியவை கல்வெட்டுகள்.

கல்வெட்டுகள் கூறிய விடை

எ. சுப்பராயலு சோழமண்டலத்தின் நாடுகளை ஊர் ஊராக அடையாளங்கண்டு, 1973-இல் வெளிவந்த தம் நூலில் நிலப்படங்களாகத் தந்தார். நாடுகள் பலவும் ஆற்றின் இருமருங்கும் பரந்திருந்தன. நீரைப் பகிர்ந்து உழுத மக்களின் குடியிருப்பு இயல்பாக வளர்ந்த தன்மையை இது காட்டுகிறது. நாடு அரசாணையால் பிறந்ததன்று என்னும் கருத்துக்கு இது வலுவூட்டிற்று. ஸ்டைனும் சுப்பராயலுவின் ஆய்வைப் பெரிதும் பயன்கொண்டார்.

ஆனால் அதே நிலப்படங்கள் வேறொன்றையும் காட்டின. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் நாடுகளை அடக்கிய வளநாடுகள் வகுக்கப்பட்டன. அவற்றின் எல்லைகளாக ஆறுகளும் வாய்க்கால்களும் கொள்ளப்பட்டன. அருமொழிதேவ வளநாடு, பாண்டிகுலாசனி வளநாடு என்றாற்போல மன்னனின் பெயர்களும் விருதுகளும் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. மக்கள் வாழ்வில் தானே வளர்ந்த பிரிவு ஆற்றைக் கடந்து நிற்க, ஆட்சியாளர் வகுத்த பிரிவு ஆற்றோடு நின்றது. சடங்குத் தலைமை மட்டும் உடைய மன்னனால் இவ்வாறு எல்லை வகுத்தல் இயலுமா என்னும் வினா எழுந்தது.

சப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா வேறொரு வழியில் சென்றார். திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்புநோக்கினார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாக இருந்ததையும், அல்லூரில் ஊரார் பொதுவாக நிலத்தை ஆண்டதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒரு வட்டாரத்துள்ளேயே இத்தகைய வேறுபாடு உண்டெனின், நாடு என்பதை ஒரே தன்மைத்தான கூறு என்று கொள்ளல் அரிதாயிற்று.

அவரும் பி. சீதாராமனும் 1972-இல் சோழர் காலத்து வரிச்சொற்களை எண்ணிக் கணக்கிட்டனர். நூற்றுக்கணக்கான சொற்களுள் பெரும்பாலானவை மிகச் சில இடங்களிலேயே வருகின்றன. கடமை, வெட்டி, குடிமை போன்ற சில சொற்களோ பலமுறை வருகின்றன. பல வட்டாரங்களுக்கும் பொதுவான வரிகள் மைய அரசின் கையைச் சுட்டுவன. 1978-இல் கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். ‘மூவேந்தவேளான்’ என்னும் பட்டம் பூண்டோரும் ‘புரவுவரித் திணைக்களம்’ என்னும் வரித்துறையைச் சார்ந்தோரும் எக்காலத்தில், எவ்விடத்தில், எப்பணியில் தோன்றுகின்றனர் என்பதை எண்ணிக் காணும் வழி இத்தகைய தொகுப்பால் திறந்தது.

ஆர். செம்பகலட்சுமி 1981-இல் எழுதிய விரிவான மதிப்புரை ஸ்டைனின் கருத்தைப் பல முனைகளில் மறுத்தது. 1993-இல் கேசவன் வெளுத்தாட் தென்னாட்டு அரசுகளை நிலமானிய அமைப்பாக விளக்கினார். அச்சட்டகமும் முதலில் ஐரோப்பிய வரலாற்றுக்கு உரியது, ஆர். எஸ். சர்மா 1965-இல் இந்தியாவுக்குப் பொருத்திக் காட்டியது. ஸ்டைனும் தம் கருத்துகளைப் பிற்காலத்தில் தாமே மீள ஆராய்ந்து எழுதினார். அறிஞர்க்கு அது குறைவன்று.

இவ்வாதத்தால் விளைந்தது யாது? கூறுநிலை அரசு என்னும் பெயரைச் சோழர்க்கு இன்று முழுமையாக ஏற்பார் சிலரே. ஆயினும் அப்பெயர் எழுப்பிய வினாக்களால், நாடு என்னும் வட்டாரமும் நாட்டார் என்னும் குழுவும் ஆய்வின் நடுவிடத்தைப் பெற்றன. அரசின் வலிமை எல்லாக் காலத்தும் எல்லாவிடத்தும் ஒரே அளவினது அன்று என்பதும் தெளிவாயிற்று. இராசராசன் முதல் முதற் குலோத்துங்கன் வரை மைய அரசு ஓங்கியும், பின்னர்ப் படிப்படியாகத் தளர்ந்தும் சென்ற போக்கைக் கல்வெட்டுகளைக் கொண்டே இன்று விளக்க முடிகிறது. மறுக்கப்பட்ட சட்டகமும் அறிவை வளர்த்தது.

இலக்கியத் துறையில் ஒரு சான்று

இத்தகைய பெயர்ச்சி வரலாற்றுத் துறைக்கு மட்டும் உரியதன்று. ஈழத்தறிஞர் க. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட வீரநிலைக் கவிதை ஆய்வு, ஹோமர் காப்பியங்களையும் யூகோஸ்லாவியப் பாணர் பாடல்களையும் ஆராய்ந்த மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகியோரின் வாய்மொழிக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திற்று. மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள், பாணரும் புலவரும் பாடிய சூழல் ஆகியவற்றின்பால் புதிய கவனம் பிறந்தது. எனினும் நெடிய காப்பியத்தை அவையில் இசைத்துக்கொண்டே புனையும் பாணனுக்கு உரிய இலக்கணம், செறிந்து சுருங்கிய அகப்பாட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்னும் ஐயமும் எழுந்தது. இங்கும் சட்டகம் ஒருபுறம் ஒளி தந்து, மறுபுறம் தன் எல்லையைக் காட்டிற்று.

நம்மிடமிருந்தும் சட்டகம் பிறக்கக்கூடும். தொல்காப்பியம் கூறும் திணைப் பகுப்பைக் கா. சிவத்தம்பி 1974-இல் பண்டைத் தமிழகத்தின் பொருளாதார, சமூக வளர்ச்சியை விளக்கும் கருவியாகக் கையாண்டார். நிலத்தையும் தொழிலையும் வாழ்வையும் ஒருங்கிணைத்துக் காணும் அப்பார்வை, கவிதையியலிலிருந்து சமூகவியலுக்குப் பெயர்ந்தது. அதனையும் சான்றுகளைக் கொண்டே சோதித்தல் வேண்டும்; நம்முடையது என்பதால் மட்டும் அது பொருந்திவிடாது.

நாம் கொள்ளத்தக்கவை

சோழர் காலத்தில் நிலம் அளந்தோர் எல்லாவிடத்தும் ஒரே கோலைக் கைக்கொள்ளவில்லை. பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் கல்வெட்டுகளில் வருகின்றன. ஆதலின் இன்ன கோலால் அளக்கப்பட்டது என்பதையும் அவர்கள் பொறித்தனர். கோல் தெரியாவிடில் குழிக்கணக்குப் பயன்படாது. ஆய்வாளரும் தம் கோலை முதலிலேயே கூறுதல் கடன். எண்ணிக் காணும் முறையும் இதற்கு விலக்கன்று. கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை கோயிற் சுவர்களில் உள்ளவை. கொடுத்தோரும் பெற்றோரும் அவற்றில் பேசுமளவுக்கு உழுதோரும் கூலி பெற்றோரும் பேசுவதில்லை. எனவே கல்வெட்டை எண்ணுவோர், எண்ணிக்கையுள் வாராதவரையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் பயிலும் நம் இளைஞர் பொருளியலும் சமூகவியலும் அரசியலும் கற்று, பல நாட்டுச் சட்டகங்களைக் கைவரப் பெற்று வருகின்றனர். அவர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. கொண்ட சட்டகம் எந்த மக்களை ஆராய்ந்ததில் பிறந்தது என்பதை அறிக. எத்தகைய சான்று கிடைப்பின் அதனைக் கைவிடுவோம் என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்க. சான்றை அதன் மூலமொழியிலேயே படிக்கக் கற்க. ஓகஸ்ட் மாத விழாப் பேச்சுகளில் கேட்கும் பெருமையைவிட இம்மூன்றாம் பயிற்சி நம் வரலாற்றுக்கு நெடுநாள் துணையாகும். கராஷிமா சப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்றார். தமிழ் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அவ்வழி அத்துணை நெடியதன்று. எழுத்தையும் சொல்லையும் கற்பிக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது.