ஈத்தூண்டில்: கருவிகளும் முடிச்சுகளும்

ஈத்தூண்டில் என்பது இறகு, விலங்கு மயிர், பட்டுநூல் ஆகியவற்றை முள்ளின்மேல் சுற்றிப் பூச்சியின் தோற்றம் தந்து, அந்தப் பொய் ஈயை நீரில் வீசி மீன் பிடிக்கும் முறை. ட்ரவுட், சால்மன், கிரேலிங் போன்ற குளிர்நீர் மீன்களை ஒட்டி வளர்ந்தது. பின்னர் கடல்மீன்களுக்கும் பரவியது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துச் செல்லும். பொய் ஈக்கு எடை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆகவே எடையைக் கயிற்றிலேயே வைக்க வேண்டியிருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசும்போது தடித்த வீச்சுக்கயிறு காற்றில் வளைந்து விரிந்து, தன் முனையில் கட்டிய மெல்லிய இழையையும் ஈயையும் கொண்டுபோய் நீர்மேல் இறக்குகிறது. முனையில் உள்ள இந்த மெல்லிய பகுதி லீடர் எனப்படும்.

தடித்த கயிற்றில் தொடங்கி மயிரிழையில் முடியும் இந்த அமைப்பில் இணைப்புகள் பல. ரீலோடு பின்கயிறு, அதனோடு வீச்சுக்கயிறு, அதனோடு லீடர், லீடரோடு நுனியிழை, நுனியிழையோடு முள் என ஐந்து இடங்களில் ஐந்து வகை முடிச்சுகள் வேண்டும். இழை எதனால் ஆனதோ அதற்கேற்ற முடிச்சே நிற்கும். இழை மாறிய காலங்களிலெல்லாம் முடிச்சும் மாறியிருக்கிறது. எனவே இக்கட்டுரை இழையின் வரலாற்றையே முதுகெலும்பாகக் கொள்கிறது.

தொடக்ககாலச் சான்றுகள்

கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் ஓரடியில் பொய் ஈயைப் பற்றிய குறிப்பு இருப்பதாகச் சிலர் கருதுவர். அங்குள்ள சொல்லை ஓர் எழுத்து வேறுபாட்டில் 'ஈ' என்றும் 'பாசி' என்றும் படிக்கலாம் என்பதால் இக்கருத்து உறுதிப்படவில்லை. ஐயத்துக்கு இடமில்லாத முதல் சான்று சுமார் கி.பி. 200இல் ஈலியன் கிரேக்க மொழியில் எழுதிய விலங்குகள் பற்றிய நூல். மாசிடோனியாவில் பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையே ஓடிய அஸ்ட்ரேயஸ் ஆற்றில் புள்ளிமீன்கள் நீர்மேல் பறக்கும் ஒரு பூச்சியைத் தின்றன. அப்பூச்சியைக் கையால் பிடித்தால் நிறம் கெட்டுவிடும். முள்ளில் குத்தவும் ஆகாது. எனவே அங்குள்ளோர் முள்ளில் செந்நிற ஆட்டுமயிரைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழ் முளைக்கும் மெழுகுநிற இறகு இரண்டைப் பொருத்தினர். கோல் ஆறடி, கயிறும் ஆறடி. முடிச்சைப் பற்றி ஈலியன் எதுவும் சொல்லவில்லை.

ரீலின் மிகப் பழைய ஓவியச் சான்றாகக் கொள்ளப்படுவது சீன ஓவியர் மா யுவான் சுமார் 1195இல் வரைந்த, குளிர்கால ஏரியில் படகில் தனியே அமர்ந்த தூண்டில்காரர் படம். அது ஈத்தூண்டில் அன்று. ஜப்பானிய மலையோடைகளில் ரீல் இல்லாமல் வழங்கிவந்த டென்காரா முறை தனி மரபு.

குதிரைவால் மயிர்

1496இல் விங்கின் டி வோர்ட் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்ட தூண்டில் நூலே ஐரோப்பாவில் கருவிகளை முறையாக விவரிக்கும் முதல் அச்சு நூல். ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவி இயற்றியதாக வழங்கினாலும் அதற்கு நேர்ச்சான்று இல்லை; அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே விவாதத்துக்கு உரியது. எழுதியவர் யாராயினும் தூண்டிலைத் தம் கையால் செய்து பழகியவர் என்பதை நூல் காட்டுகிறது. கடையில் வாங்குவதற்கு எதுவும் இல்லாத காலம். தையல் ஊசியை நெருப்பில் பழுக்கவைத்து, கத்தியால் எதிர்முள் கீறி, வளைத்து, மீண்டும் காய்ச்சி நீரில் தோய்த்து முள்ளைச் செய்ய வேண்டும். வெண்குதிரையின் வால்மயிரை ஏல் மது, படிகாரம் முதலியவற்றால் ஆறு நிறங்களில் சாயமேற்றி, பருவத்துக்கேற்ப நீரின் நிறத்தோடு பொருத்த வேண்டும். எந்த மீனுக்கு எத்தனை மயிர் முறுக்குவது என்பதற்கும் கணக்கு உண்டு: மிகச் சிறிய மின்னோ மீனுக்கு ஒன்று, ட்ரவுட்டுக்கு ஒன்பது, பெரிய ட்ரவுட்டுக்குப் பன்னிரண்டு, சால்மனுக்குப் பதினைந்து.

மயிர்த்துண்டுகளை இணைக்க இந்நூல் 'நீர் முடிச்சு', 'சீமாட்டி முடிச்சு' என இரண்டைப் பெயர் சுட்டுகிறது. கட்டும் முறையை விளக்கவில்லை. நீர் முடிச்சு இன்றைய சர்ஜன் முடிச்சின் முன்னோடி என்பது ஒரு கருத்து. மற்றதைப் பற்றிய ஊகங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

பதினேழாம் நூற்றாண்டில் செய்திகள் பெருகுகின்றன. தாமஸ் பார்க்கர் 1651இல் ரீலைக் குறிப்பிடுகிறார். ஆங்கிலத்தில் இதுவே முதற்குறிப்பு எனப்படுகிறது. ஐசக் வால்ட்டனின் நூல் 1653இல் வந்தது. அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்ல்ஸ் காட்டன் சேர்த்த இரண்டாம் பகுதியே ஈத்தூண்டிலுக்கு முதன்மையானது. நுனியில் இரண்டே மயிரோடு, மீன் காணாத தொலைவிலிருந்து வீச வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய முறை. பெட்டைக் குதிரையின் வால்மயிர் சிறுநீர் பட்டு வலுவிழக்கும் என்பதால் ஆண்குதிரை மயிரையே கேட்டு வாங்கினர். இலண்டனில் சார்ல்ஸ் கிர்பி செய்த முட்கள் புகழ்பெற்றன; முள் தொழில் பின்னர் ஊசிக்குப் பெயர்போன ரெடிச் ஊருக்குச் சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் கருவிகளில் பெரும்பாலானவை இதே மரபின் தொடர்ச்சி.

புழுநரம்பு

சாமுவேல் பீப்ஸ் 1667 மார்ச் நாட்குறிப்பில், வார்னிஷ் பூசிய நரம்பிழையைத் தூண்டிலுக்குப் பயன்படுத்தும் இரகசியத்தைக் கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறார். பட்டுப்புழு நரம்பு 1724இல் ஆங்கில நூலில் இடம்பெறுகிறது. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு அதற்கு நிகரான இழை இல்லை. அதன் தலைமையிடம் ஸ்பெயினின் முர்சியா வட்டாரம். கூடு கட்டத் தயாராக இருக்கும் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச்சுரப்பியை விரலால் பற்றி ஒரே இழையாக இழுத்து நீட்டி உலர்த்துவர். ஒரு சுரப்பிக்கு ஓரிழைதான். நீளம் பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கும்.

ஒன்பதடி லீடருக்கு ஆறு, ஏழு துண்டுகளை முடிய வேண்டியிருந்ததால், முடிச்சு தெரியாதவரின் பெட்டியில் எத்தனை உயர்ந்த நரம்பு இருந்தும் பயனில்லை. உலர்ந்த நரம்பு கண்ணாடிபோல் நொறுங்கும். நீரில் ஊறினால்தான் வளையும். ஈரக் கம்பளத்துண்டுகளுக்கு இடையே லீடர்களை வைத்துக்கொள்ளத் தட்டையான தகரப்பெட்டிகள் இருந்தன. ஆற்றுக்குப் புறப்படுமுன் அப்பெட்டியை நனைப்பது அக்காலத்தாரின் முதல் வேலை. பளபளப்பைக் குறைக்கத் தேநீரிலும் மையிலும் நரம்பைத் தோய்த்தனர். மேலும் மெலிய வேண்டுமானால் உலோகத்தகட்டின் துளைகள் வழியே இழுப்பர். இன்றும் நுனியிழைகளின்மேல் அச்சிடப்படும் எக்ஸ் எண்கள் அந்த இழுப்புக் கணக்கிலிருந்து வந்தவை எனப்படுகிறது. பதினொன்றிலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் விட்டம் ஓரங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும்: 5எக்ஸ் என்றால் ஆறு. நரம்பு மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் அதன் அளவுகோல் நைலானுக்கும் பயன்படுகிறது.

நரம்போடு நரம்பை இணைக்கும் சிறந்த முடிச்சு பிளட் நாட் அல்லது பீப்பாய் முடிச்சு. இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, நடுவே எதிரெதிராக நுழைத்து இறுக்கினால் சிறு உருளையாக அமையும். கோலின் வளையங்களில் சிக்காது. தொழில்முறையாளர் சிலர் இதை நெடுங்காலம் வெளியே சொல்லாமல் காத்ததாகக் கூறுவர். ஏ. எச். சாய்ட்டரின் 1910ஆம் ஆண்டு நூலால் பரவலானது என்பது பொதுவான கருத்து.

காது வைத்த முள்

1870கள் வரை ஈத்தூண்டில் முள்ளுக்குக் காது கிடையாது. நரம்பை முள்ளின் தண்டோடு சேர்த்து மெழுகிட்ட பட்டுநூலால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஈயைச் செய்வர். நரம்பும் ஈயும் ஒரே பொருள். ஈயின் கழுத்தருகே நரம்பு தேய்ந்தால் நன்றாக இருக்கும் ஈயையும் எறிய வேண்டும். தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷர் சுண்ணாம்பு நிலத்துத் தெளிந்த ஆறுகளான டெஸ்ட், இட்சன் ஆகியவற்றில் நீரில் மிதக்கும் உலர் ஈ முறை வளர்ந்தபோது இது பெருந்தொல்லையாயிற்று. ஈயைக் காற்றில் பலமுறை வீசி உலர்த்த வேண்டியிருந்ததால் நரம்பு விரைவில் தேய்ந்தது.

தீர்வைக் கண்டவர்களில் முதன்மையானவர் எச். எஸ். ஹால். கிளிப்டன் கல்லூரிக் கணித ஆசிரியரான இவர், ஜார்ஜ் பாங்கார்ட்டுடன் சேர்ந்து 1870களின் இறுதியில் மேல்நோக்கி வளைந்த காதுடைய மெல்லிய முள்ளை உருவாக்கினார். நைட் என்பவரோடு இவர் எழுதிய இயற்கணித நூல் இந்தியப் பள்ளி, கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. 'ஹால் அண்ட் நைட்' என்று தமிழ்நாட்டு மாணவர் அறிந்த அந்த ஹால் இவரே. கீழ்நோக்கிய காதை எச். சம்லி பென்னல் 1880களில் பரப்பினார். இரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது, தீர்ந்ததாகத் தெரியவில்லை.

காது வந்ததும் தூண்டில்காரர் ஆற்றங்கரையில் நின்றே ஈயை மாற்ற முடிந்தது. விளைவாக, முடிச்சு போடும் வேலை தொழிற்கூடத்தை விட்டு மாலை வெளிச்சம் மங்கும் கரைக்கு வந்துசேர்ந்தது. டர்ல் முடிச்சு இந்தத் தேவைக்கே உரியது. நரம்பைக் காதில் நுழைத்து, சுருக்கு ஒன்று போட்டு, அச்சுருக்குக்குள் ஈ முழுவதையும் கடக்கவிட்டு, காதுக்குப் பின்னால் கழுத்தில் இறுக்குவது. வளைந்த காதில் இழுப்பு தண்டின் நேர்கோட்டிலேயே விழும். ஈ சாயாமல் அமரும். நியூட்டன் ஸ்டேசியைச் சேர்ந்த மேஜர் டர்லின் பெயரால் வழங்கினாலும் அவர்தாம் கண்டறிந்தார் என்பது உறுதியில்லை. பிரெடரிக் ஹால்போர்டின் 1886ஆம் ஆண்டு நூல் உலர் ஈயை ஒரு நெறியாகவே நிறுவியது. ஜி. இ. எம். ஸ்கியூஸ் 1910இல் நீருக்கடியில் மூழ்கும் ஈக்காக வாதிட்டார்.

இதே காலத்தின் சால்மன் ஈக்கள் உலகெங்குமிருந்து வந்த இறகுகளால் ஆனவை. அவற்றில் தென்னிந்திய மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குத் தனியிடம் உண்டு. அதன் கழுத்திறகின் முனையில் மெழுகுத்துளி விழுந்தாற்போல் இருக்கும் பொன்வெண்புள்ளி ஈயின் கண்ணாகப் பொருத்தப்பட்டது. ஜாக் ஸ்காட் என்னும் புகழ்பெற்ற ஈயில் இதைக் காணலாம். காட்டுப்பறவை இறகு ஏற்றுமதிக்கு இந்தியா 1902இல் தடைவிதித்தது. இறகு மோகம் ஓயவில்லை: 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத்தோல்கள் ஈ கட்டுவோரின் சந்தைக்காகத் திருடப்பட்டன. அறிவியல் குறிப்புச்சீட்டு கிழிக்கப்பட்ட தோல்கள் மீட்கப்பட்டும் ஆய்வுக்கு உதவாமல் போயின.

கோலும் கயிறும்

ஹிக்கரி, கயானாவின் கிரீன்ஹார்ட் மரங்களுக்குப் பின் மூங்கில் வந்தது. மூங்கிலைப் பிளந்து, முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறைச் சேர்த்து ஒட்டும் முறையைப் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊர்த் துப்பாக்கித் தச்சர் சாமுவேல் பிலிப் 1840களில் தொடங்கினார் என்பது அமெரிக்க வழக்கு. பட்டை ஒட்டுதல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது என்பாரும் உளர். ஹைராம் லெனர்டு இதை இயந்திரத்தால் சீவும் தொழிலாக்கினார். முதலில் பயன்பட்டது 'கல்கத்தா மூங்கில்'. இது நம் கல்மூங்கிலே என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. அதன்மேல் காணப்பட்ட தீச்சுட்ட தழும்புகளுக்குப் பூச்சி விரட்டுதல், நேராக்குதல், சடங்கு எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. பின்னர் சீனாவின் குவாங்டாங் மாநிலத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 'டோங்கின்' என்று வணிகப்பெயர் பெற்ற இது வியட்நாமின் டோங்கினில் விளைவதன்று. 1950இல் அமெரிக்கா சீனத்தோடு வணிகத்தை நிறுத்தியதும் வரத்து நின்றது. கண்ணாடியிழைக் கோல்கள் அந்த இடைவெளியில் வேரூன்றின. 1970களில் கார்பன் இழைக் கோல் வந்தது.

வீச்சுக்கயிறு மயிரிலிருந்து எண்ணெயிட்ட பட்டுக்கு மாறியது. ஒவ்வொரு நாள் மாலையும் அதைக் கழற்றி உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். 1950களில் நெகிழிப்பூச்சுக் கயிறு அந்த வேலையை ஒழித்தது. பட்டுக்கயிற்றை விட்டத்தால், எழுத்துகளால் குறித்தனர். இப்போது முதல் முப்பதடியின் எடையே எண்: 5ஆம் எண் என்றால் 140 கிரெய்ன்.

நீலகிரியும் இலங்கையும்

சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873இல் இந்திய ஆறுகளுக்கான தூண்டில் நூலை வெளியிட்டார். நீலகிரியில் ட்ரவுட் வளர்க்கப் பிரான்சிஸ் டே 1860களில் செய்த முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார். இலங்கையின் நுவரெலியாவில் 1880களிலேயே ட்ரவுட் விடப்பட்டது.

நைலானுக்குப் பின்

டூபாண்ட் நிறுவனம் 1938இல் நைலானை அறிவித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சில ஆண்டுகளில் முர்சியாவின் நரம்புத் தொழில் நலிந்தது. நைலான் இழையான தங்கூசி எவ்வளவு நீளமும் கிடைக்கும், ஊறவைக்க வேண்டாம், ஆனால் வழுக்கும். நரம்பில் உறுதியாக நின்ற டர்ல் முடிச்சு தங்கூசியில் நழுவியது. இரட்டைச் சுற்று வேண்டியதாயிற்று. பிளட் நாட்டுக்கும் பக்கத்துக்கு ஐந்து சுற்றுவரை கூடியது. இறுக்கும்போது எழும் உராய்வுச்சூடு இழையைக் கெடுப்பதால் முடிச்சை எச்சிலால் நனைத்த பிறகே இழுப்பர். கயிற்றோடு லீடரை இணைக்கும் ஆணி முடிச்சை ஜோ புரூக்ஸ் அர்ஜென்டினாவில் கண்டு பரப்பினார் என்பர். சுற்றும்போது உடன் பிடிக்கும் ஆணியால் அப்பெயர். கிளின்ச், சர்ஜன் முடிச்சுகளே இன்று மிகுந்து வழங்குகின்றன.

புளூரோகார்பன் இழை, டங்ஸ்டன் மணித்தலை ஈ ஆகியவை அண்மைக்கால வரவுகள். பன்னாட்டு ஈத்தூண்டில் போட்டிகளில் எதிர்முள் இல்லாத முட்களுக்கு மட்டுமே அனுமதி.