தேனீ, உண்ணி, ஆவி: ஒரு சின்ன வரலாறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். உயிரியலுக்கும் எனக்கும் உள்ள உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கட்டுரை தேனீயைப் பற்றியது. காரணம் என் பெரியப்பா.

பழனிக்கு மேற்கே நெய்க்காரப்பட்டியில், தென்னந்தோப்புக்குள் அவர் 15 தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். 11 பெட்டியில் நம்ம ஊர் அடுக்குத் தேனீ, 4 பெட்டியில் இத்தாலியத் தேனீ. போன லீவில் போயிருந்தபோது செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைக்காரர் ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு, கார் பேட்டரியில் இணைத்த ஒரு கரண்டி மாதிரியான கருவியைப் பெட்டி வாசலுக்குள் நுழைக்கிறார். இடுக்கெல்லாம் வெள்ளையாகப் புகை வருகிறது. உண்ணி எல்லாம் உதிர்ந்துவிடுமாம்.

"கண்ணு, நீ கணக்குப் படிக்கறவன்தானே. இத வாங்குனா கட்டுபடியாகுமான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

ஏதோ பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது. கணக்குப் போட உட்கார்ந்தவன் வரலாற்றில் போய் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டி வந்த கதை

நம் ஊரில் தேன் என்பது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. பழந்தமிழில் தேனைத் 'தேனெய்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். (எங்கள் ஊர்ப் பெயரில் 'நெய்' இருப்பது அதனால்தான் என்று கதை விட ஆசைதான், ஆதாரம் இல்லை!) பழனி மலையில் பளியர்கள் காலங்காலமாகத் தேன் எடுக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்திலும் வாழைப்பழம், வெல்லம், நெய்யோடு தேனும் சேர்கிறது.

ஆனால் தேனீயைப் பெட்டியில் வளர்ப்பது புதுசு. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், சட்டங்களைத் தனித்தனியாக வெளியே எடுக்கும்படியான பெட்டியைச் செய்தார். அது பெரிய உடம்புக்கார ஐரோப்பியத் தேனீக்கு அளவெடுத்த சட்டை. நம் தேனீக்குத் தொளதொள என்று இருந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார்தான் 1910, 1911 வாக்கில் நம் தேனீக்கு ஏற்ற சின்னப் பெட்டியை வடிவமைத்தார். இன்றும் தென்னிந்தியாவில் அது 'நியூட்டன் பெட்டி'தான். அவரே 1917 வரை கிராமத்து ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். பிறகு 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் இதைக் கையில் எடுத்தார். கன்னியாகுமரிப் பக்கம் வீட்டுக்கு வீடு பெட்டி வந்ததற்கு அதுதான் ஆரம்பம்.

அந்நிய அளவை அப்படியே இறக்காமல் நம் தேனீக்கு ஏற்ப மாற்றினார் பாருங்கள், அந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

உண்ணி கிளம்பிய கதை

1904இல் ஜாவா தீவில் ஆசியத் தேனீயின் மேல் ஓர் உண்ணி இருப்பதைக் கண்டு ஔடெமான்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி அதற்கு வர்ரோவா என்று பெயர் வைத்தார். செம்பழுப்பு நிறம், குண்டூசித் தலை அளவு. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் ஆசியத் தேனீக்கு அது பழைய பகையாளி. பல்லாயிரம் வருடம் சேர்ந்தே வாழ்ந்து இரண்டும் ஒரு சமரசத்துக்கு வந்திருந்தன. உண்ணி ஆண் தேனீயின் புழு அறையில் மட்டும்தான் குட்டி போட்டுப் பெருகும். பணித் தேனீக்கள் ஒன்றையொன்று துடைத்து உண்ணியைக் கடித்துத் தள்ளும். ரொம்ப மோசமான ஆண் புழு அறையை அப்படியே மூடி உள்ளேயே சமாதி கட்டிவிடும்.

சிக்கல் வியாபாரத்தில் வந்தது. (இங்கேதான் என் பாடம் உள்ளே வருகிறது.) அதிகத் தேன் தரும் ஐரோப்பியத் தேனீயை ரஷ்யாவின் கிழக்குக் கோடி, ஜப்பான், கொரியா என்று கொண்டுபோனார்கள். அங்கே உண்ணி புது வீட்டுக்குத் தாவியது. ஐரோப்பியத் தேனீக்கு இந்த எதிரியை முன்பின் தெரியாது. பணித் தேனீயின் புழு அறையிலும் உண்ணி பெருகியது. தேனீயின் கொழுப்புத் திசுவைத் தின்பதோடு, சிறகைச் சூம்பிப்போகச் செய்யும் வைரஸையும் பரப்பியது.

பிறகு சரக்கு போன வழியெல்லாம் உண்ணியும் போனது. 1977இல் ஜெர்மனி, 1987இல் அமெரிக்கா, 1992இல் இங்கிலாந்து, 2000இல் நியூசிலாந்து. கடைசிவரை தப்பித்திருந்த ஆஸ்திரேலியாவுக்கும் 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகம் வழியாக வந்துவிட்டது. ஒழித்துவிடலாம் என்று ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்துப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பரில் 'இனி இதோடு வாழப் பழகுவோம்' என்று முடிவெடுத்தார்கள். இதற்கு நடுவே, 2000இல் ஆண்டர்சன், ட்ரூமேன் என்ற இருவர், உலகத்தை ஆட்டிவைப்பது ஜாவாவில் கண்ட அதே உண்ணி அல்ல, அதன் பங்காளி என்று கண்டுபிடித்து 'வர்ரோவா டிஸ்ட்ரக்டர்' என்று பெயர் மாற்றினார்கள். பெயரிலேயே நாசம்!

புளியாரையிலிருந்து புகை வரை

முதலில் ரசாயனப் பட்டைகளைப் பெட்டிக்குள் தொங்கவிட்டார்கள். கொஞ்ச வருடத்தில் உண்ணிக்கு அது பழகிவிட்டது, மருந்து மட்டும் மெழுகில் தங்கியது. அப்போதுதான் ஐரோப்பியர்கள் அமிலங்கள் பக்கம் திரும்பினார்கள். அதில் ஒன்று ஆக்ஸாலிக் அமிலம்.

இது நமக்குத் தெரியாத பொருள் இல்லை. வரப்பில் முளைக்கும் புளியாரையின் புளிப்பில் இது இருக்கிறது. அந்தச் செடி இனத்தின் லத்தீன் பெயரான ஆக்ஸாலிஸ்தான் அமிலத்துக்கும் பெயரானது. 1776இல் ஸ்வீடனின் ஷீலே சர்க்கரையை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து இதைத் தயாரித்தார். வெல்ல மண்டி ஊர்க்காரனுக்கு இதைப் படித்ததும் ஒரு சந்தோஷம். :-) துருக்கறை எடுக்க வைத்திருப்பார்களே, அந்த வெள்ளைப் பொடிதான். தேனிலேயே இயற்கையாகக் கொஞ்சம் உண்டு. கொழுப்பில் கரையாது என்பதால் மெழுகில் சேராது.

முதலில் சர்க்கரைப் பாகில் கலந்து சட்டங்களுக்கு நடுவே சொட்டுவிட்டார்கள். 2000 வாக்கில் ஜெர்மனிப் பக்கம் ஆவி முறை பரவியது. ஒரு தட்டில் 1 அல்லது 2 கிராம் பொடியைப் போட்டுச் சூடேற்றினால் 157 டிகிரி செல்சியஸ் வாக்கில் பதங்கமாகிறது. அதாவது கற்பூரம் மாதிரி நேராக ஆவி. அது பெட்டிக்குள் நுண்ணிய பொடியாகப் படிந்து உண்ணியைக் கொல்கிறது, தேனீக்கு அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. சூடு 190ஐத் தாண்டினால் அமிலமே சிதைந்துவிடும். அமெரிக்கா 2015இல் இதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த ஆவி மனிதனின் நுரையீரலையும் கண்ணையும் புண்ணாக்கும். வீடியோவில் அவர் போட்டிருந்த முகமூடி அலங்காரத்துக்கு அல்ல. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

இன்னொரு பலவீனம்தான் முக்கியமானது. மெழுகு மூடிய புழு அறைக்குள் இந்த ஆவி போகாது. உண்ணிகளில் பெரும்பங்கு அந்த மூடிய அறைக்குள்தான் இருக்கும். ஐரோப்பாவில் இது பிரச்சினையே இல்லை. டிசம்பர் குளிரில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும், புழுவே இருக்காது, உண்ணி எல்லாம் வெளியே தேனீயின் மேல்தான். அந்தச் சமயம் பார்த்து ஒரே தடவை புகை போட்டால் வேலை முடிந்தது.

நெய்க்காரப்பட்டியில் டிசம்பர் எப்படி இருக்கும்? தென்னை மாதத்துக்கு ஒரு பாளை விடும். வருடம் பூராவும் மகரந்தம். ராணி நிறுத்தவே நிறுத்தாது. அப்புறம் எத்தனை தடவை போடுவது? அமெரிக்காவின் ஜார்ஜியாவில் புழு இருக்கும்போதே 1 கிராம் வீதம் 5 நாளுக்கு ஒருமுறை 7 தடவை ஆவி போட்டுப் பார்த்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில் உண்ணி குறையவில்லை. ஆக, அந்தக் கருவிக்குள் குளிர்காலம் என்ற ஒரு பாகம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதை யாரும் பார்சலில் அனுப்ப மாட்டார்கள்.

1992

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. 'மறுபடியும் தொண்ணூத்திரண்டு வந்துருமோ' என்றார். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

1976இல் தாய்லாந்தில் அடுக்குத் தேனீயின் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பெயர் தாய் சாக்ப்ரூட். 1978இல் வடகிழக்கு இந்தியாவுக்குள் வந்தது. 1991, 92இல் தெற்கே இறங்கியது. கேரளம், கர்நாடகம், தமிழகம் மூன்றிலும் வளர்த்த அடுக்குத் தேனீக் குடும்பங்களில் 100க்கு 90க்கு மேல் அழிந்தன. நியூட்டன் காலத்திலிருந்து கட்டியது இரண்டே வருடத்தில் போனது. அப்போது இளவட்டமாக இருந்த பெரியப்பாவிடம் 20 பெட்டி இருந்ததாம். ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெறும் பெட்டிகளை அடுப்பெரித்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். பெரியப்பா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த அடிக்குப் பிறகுதான் தெற்கே பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். 1962இல் அன்றைய பஞ்சாபின் நக்ரோட்டாவில் முதன்முதலாக வெற்றிகரமாக வளர்க்கப்பட்ட தேனீ அது. அதற்கு அந்த வைரஸ் பயம் இல்லை. ஆனால் உண்ணி பயம் உண்டு. நம் தேனீக்கு உண்ணி பயம் இல்லை, வைரஸ் பயம் உண்டு. ஒருவனுக்குத் தலைவலி, இன்னொருவனுக்கு வயிற்றுவலி. இருவருக்கும் ஒரே மாத்திரை எப்படிச் சரியாகும்?

கணக்கு முடிவு

மறுநாள் இரண்டு பேருமாகப் பெட்டிகளைத் திறந்து பார்த்தோம். இத்தாலியப் பெட்டியில் அரை கப் தேனீயை, அதாவது சுமார் 300 தேனீயை, வலை மூடி போட்ட பாட்டிலில் எடுத்து, பொடித்த சர்க்கரையைத் தூவிக் குலுக்கினோம். 14 உண்ணி விழுந்தது. 100 தேனீக்கு 3 உண்ணி என்பதே அபாய மணி. இது அதற்கும் மேல். அடுக்குத் தேனீப் பெட்டிகளில் உண்ணி பெயருக்குத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பெட்டியில் புழுக்கள் தலையை மேலே தூக்கியபடி, தண்ணீர் நிறைந்த பை மாதிரி செத்துக் கிடந்தன. பெரியப்பா சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்த முகம்.

நல்லவேளை, கருவி வந்திருந்தால் முதலில் அந்த இரண்டு பெட்டிக்குத்தான் புகை போட்டிருப்பார். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. தொந்தரவு கொடுத்தால் பெட்டியை விட்டே ஓடிவிடும் குணம் அடுக்குத் தேனீக்கு உண்டு. மிச்சமிருந்ததும் போயிருக்கும்.

என் யோசனை இதுதான். நோய் கண்ட இரண்டு பெட்டியையும் தோப்பின் மறுகோடிக்கு மாற்றி, அதன் சட்டத்தை வேறு எதிலும் வைக்காமல் இருப்பது. இதற்கு மருந்து கிடையாது. 92இல் தாக்குப்பிடித்த குடும்பங்களிலிருந்துதான் மறுபடி பெருகின. இப்போதும் நன்றாக இருக்கும் 9 பெட்டியில் இருந்துதான் பிரிக்க வேண்டும். இத்தாலியத் தேனீக்கு, தேன் வரத்து இல்லாத சமயத்தில் ராணியை 24 நாள் சின்னக் கூண்டில் அடைத்து வைப்பது. அதற்குள் இருக்கிற புழுவெல்லாம் தேனீயாகி வெளியே வந்துவிடும். உண்ணி ஒளிய அறை இருக்காது. அதன்பின் அமிலத்தைப் பாகில் கலந்து சொட்டுவிட்டால் போதும், கருவியே வேண்டாம். மலைத்தேனீயிடமிருந்து தொற்றும் டிராபிலேலாப்ஸ் என்ற இன்னொரு உண்ணியும் புழு இல்லாமல் சில நாளுக்கு மேல் தாங்காது. குளிர்காலம் இல்லாத ஊரில் நாமே ஒரு குளிர்காலம் செய்துகொள்கிறோம், அவ்வளவுதான். நியூட்டன் பெட்டியில் செய்ததும் இதே வேலைதானே?

பெரியப்பா கருவி வாங்கவில்லை. இரண்டு பெட்டியையும் அன்றைக்குச் சாயங்காலமே, தேனீ அடங்கியதும், தனியே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். ராணியை அடைக்கத்தான் அவருக்கு மனசு வரவில்லை. "பாக்கலாம் கண்ணு" என்கிறார். அடுத்த லீவில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தேனீ வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ராணியை அடைத்த அனுபவம் இருந்தால், பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அவருக்குப் படித்துக் காட்டுவேன்.