கருவி முன்னே, பாடம் பின்னே: தமிழகப் பள்ளிகளில் கணினி நுழைந்த வழி

தமிழகப் பள்ளிகளுக்குக் கணினி வந்த வரலாற்றைப் பெரும்பாலும் கொள்முதல் வரலாறாகவே எழுதிவருகிறோம்: எந்த ஆண்டில் எத்தனை கருவி, எத்தனை கோடி என்று. அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு, வந்த கருவி எந்தப் பாடவேளைக்குள், யார் கைக்குப் போனது என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. பாடநூலும் பாட ஆசிரியரும் சேர்ந்து தொட்ட இடத்தில்தான் தொழில்நுட்பம் நிலைத்தது. தனி அறையில் தனிப் பாடமாக வைத்த இடத்தில் கற்பித்தலோடு அது ஒட்டவே இல்லை.

1984-85இல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் முதலில் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. கணினியைப் பற்றிக் கற்பதே அதன் நோக்கம். கணக்கு ஆசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் அதில் பெரிய வேலை இல்லை. தொண்ணூறுகளின் இறுதியில் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பாடம் பரவியபோதும், ஒப்பந்தப் பயிற்றுநர்களை நம்பிய அதே தனித்தீவுதான். எழுத்துச் சிக்கல் வேறு. 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஒருங்குறியை அரசு ஏற்றதோ 2010இல். அதுவரை ஒரு பள்ளியில் அடித்த தமிழ் வினாத்தாள், அதே எழுத்துரு இல்லாத அடுத்த பள்ளிக் கணினியில் புரியாத குறிகளாகத் திறக்கும். தமிழ்வழி ஆசிரியர் கணினியை ஏன் நாடவில்லை என்பதற்கு இதைவிட எளிய விடை தேவையில்லை.

கணினிக்கும் பாடத்துக்கும் இடையிலான இந்தப் பிளவு ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவூரில் கூர்மையாகத் தெரியும். ஜக்கார்டு தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைய, அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கிறது. உண்டு, இல்லை என்னும் இந்த இரண்டு நிலைகளில்தான் சேலையின் கரைப்பூ பிறக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டதும் இந்த அட்டையைத்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இருமநிலையை விளக்க இதைவிட நல்ல பாடக்கருவி ஏது? ஆனால் தறியையும் கணினியையும் இணைத்துக் காட்ட ஆசிரியருக்கு நேரமும் உரிமையும் வேண்டும். எந்தக் கொள்முதல் ஆணையும் அவற்றைத் தருவதில்லை.

கருவியே இல்லாமல் ஒருங்கிணைப்பைப் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அது சமூகநீதிச் சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளியை விட்டுப் போகும் 12ஆம் வகுப்பு மாணவர் கையில் கிடைத்த கருவியை வைத்து இயற்பியல் ஆசிரியர் பாடம் திட்டமிட முடியாது. 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சானபோதுதான் தொழில்நுட்பம் முதன்முறையாகப் பாடப் பக்கத்துக்குள்ளேயே வந்தது. விலைமதிப்பில் சிறியதானாலும் இந்த மாற்றமே பெரிது என்பது என் கணிப்பு.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை, கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020தான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடநூலைத்தான் பின்பற்றியது. திரையில் ஆசிரியரும் இருந்தார். பிறகு ஏன் பிள்ளைகள் பின்தங்கினார்கள்? ஒரே கைபேசியை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்வது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, திரையிலிருந்த ஆசிரியரால் ‘உனக்கு எது புரியவில்லை?’ என்று திருப்பிக் கேட்க முடியவில்லை. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது அரசே இதை ஒப்புக்கொண்டது எனலாம்: இழப்பை ஈடுகட்ட அது தேடியது மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்காரும் தன்னார்வலர்களை. இன்று தொடக்கப்பள்ளிகளிலும் திறன் வகுப்பறைகள் வந்துவிட்டன, ஆசிரியர்களிடம் கைக்கணினியும் இருக்கிறது. வருகைப் பதிவுக்கும் தரவு ஏற்றுவதற்கும் போகும் நேரத்தில் ஒரு பங்கையாவது பாடம் தயாரிப்பதற்கென அட்டவணையிலேயே ஆசிரியருக்கு ஒதுக்க, அடுத்த கொள்முதலுக்கு முன் பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும்.