முள் தைத்த இடத்துக்கு வழி சொன்னது யார்?



ஒரு முறை என் வகுப்புப் பையன் ஒருவன் நொண்டி நொண்டி வந்தான். என்னடா என்று கேட்டால், "ஒன்னும் இல்ல சார்" என்றான். செம்பனை முள் குத்தி நாலு நாள் ஆகியிருக்கிறது. வெறுங்காலோடு ஓடியதற்கு அடி விழுமென்று பயந்து மறைத்துவிட்டான். குதிகால் சிவந்து, வீங்கி, சீழ் வைத்திருந்தது.

அந்தச் சீழ் என்ன தெரியுமா? கிருமிகளோடு போராடி மாண்ட வெள்ளை அணுக்களின் குவியலே அதில் பெரும்பகுதி. இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும் அந்த வீரர்களுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. முள் தைத்தது குதிகாலில் என்று யார் போய்ச் சொன்னார்கள்? இதற்கு விடை காண நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அந்தச் சரித்திரமும் ஒரு முள்ளில்தான் தொடங்குகிறது. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய அறிஞர் மெச்னிக்கோவ், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டு நின்றன! இவருக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அணுக்களை அழைத்தது எது? 1888இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் லேபர், பூஞ்சையிலிருந்து எடுத்த பொருளை முயலின் கண்ணில் வைத்துப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் அதை நோக்கி நகர்ந்தன. ஆகவே இரசாயனப் பொருள்தான் தூது என்று தெரிந்தது. நம் உடம்பே உண்டாக்கும் இத்தகைய தூதுப் பொருளான இன்டர்லூக்கின்-8, 1987இல் கிடைத்தது. இந்தக் குடும்பத்துக்குக் கீமோகைன் என்று பெயர். இன்று சுமார் 50 வகை தெரியும்.

காயம்பட்ட இடம் கீமோகைனைச் சுரக்கிறது. அது அருகிலுள்ள இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. உருண்டு வரும் வெள்ளை அணு அங்கே நின்று, சுவரை நெருக்கி வெளியேறி, தூதுப் பொருள் அடர்ந்திருக்கும் பக்கமாகவே ஊர்ந்து போகிறது. சமையல் வாசனையைப் பிடித்து நாம் அடுப்படிக்குப் போவதில்லையா, அப்படித்தான்! தோலுக்கு ஒரு தூது, சிறுகுடலுக்கு வேறு தூது. அதைப் பிடிக்கும் கொக்கி எந்த அணுவின் மேல் இருக்கிறதோ, அந்த அணுதான் அங்கே போகும்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. குரங்குகளுக்கு வரும் நோலெசி மலேரியா, இயற்கையாகவே மனிதரையும் தொற்றும் என்பது 1965இல் பகாங் காட்டுக்குப் போய் வந்த ஒருவரால்தான் தெரிந்தது. 1971இல் நம் ஜோகூரிலும் அப்படி இருக்கலாம் என்று ஒருவரைப் பற்றி மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அந்தக் கிருமி சிவப்பு அணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கொக்கிக்கு டஃபி என்று பெயர். அது கீமோகைன்கள் வந்து ஒட்டும் கொக்கியே என்று 1993இல் கண்டார்கள். வீட்டுக்காரன் வைத்த ஏணியிலேயே திருடன் ஏறுகிறான், பார்த்தீர்களா!

அந்தப் பையனை டிரெசரிடம் அழைத்துப் போனேன். முள்ளை எடுத்து மருந்து போட்டார். ஒரு வாரத்தில் பந்து விளையாட வந்துவிட்டான். ஆனால் எல்லாக் காயமும் அப்படி ஆறிவிடாது. உடம்பு முதல் நாளே தூது அனுப்பிவிட்டது. அவன் வாய்தான் நாலு நாள் மூடிக் கிடந்தது.

பிள்ளைகளே, காயம் பட்டால் மறைக்காதீர்கள். பெற்றோர்களே, காயத்தோடு வரும் பிள்ளையை முதலில் அடிக்காதீர்கள், காலைப் பாருங்கள்.