திலிஸ்மும் திறவுகோலும்

சென்ற நோன்புப் பெருநாளையொட்டி, சென்னையில் பயிலும் என் சகோதரியின் மகன் திருத்துறைப்பூண்டிக்கு வந்திருந்தான். அஸர் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பியபோது, திண்ணையில் அமர்ந்து ஏடு ஒன்றில் கட்டம் கட்டமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். என்னவென்று வினவினேன்.

"ஒரு விளையாட்டு, மாமா. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வரும் ஆட்களாகப் பேசுவோம். அந்த உலகத்தில் மந்திரம் எப்படிப் பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்கு நான் சட்டம் எழுதுகிறேன்" என்றான். சற்றே தயங்கி, "உம்மா இதை சிஹ்ரு என்று சொல்லிக் கோபிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

அவ்விளையாட்டில் பகடை உருட்டுவதும் உண்டாம். நர்து எனும் பகடை ஆட்டத்தைப் பெரும்பாலான இமாம்கள் தடுத்துள்ளனர் என்பதை அப்போதே அவனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அவன் தாயாரின் கவலை மந்திரத்தைப் பற்றியது. கதையில் வரும் மந்திரத்துக்கு இலக்கணம் வகுப்பது சூனியம் கற்பதாகுமா? இவ்வினாவுக்கு விடை காணப் புகுந்தால், நம் வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டியுள்ளது.

பக்தாதில் நூல் வாணிகம் செய்து வாழ்ந்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987-88) 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பெரும் நூற்பட்டியலை இயற்றினார். அது 10 மகாலாக்கள் கொண்டது. அவற்றுள் எட்டாவதன் முதற் பிரிவில் இராக்கதைகளையும் கட்டுக்கதைகளையும் பட்டியலிட்ட அவர், ஆயிரத்தொரு இரவுகளுக்கு மூலமாகக் கருதப்படும் 'ஹஸார் அஃப்ஸான்' என்னும் பாரசீகக் கதைநூலை அங்கேதான் குறிப்பிடுகின்றார். அதனையடுத்த பிரிவு ஜின் ஓட்டுவோர், கண்கட்டு வித்தைக்காரர், சூனியக்காரர் ஆகியோரின் நூல்களுக்குரியது. கதையும் சூனியமும் அண்டை வீட்டார் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் இடையே ஒரு சுவரை எழுப்பியே வைத்தார்.

நான்கு நூற்றாண்டுகள் கழித்து, 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், சூனியத்தை மூவகையாகப் பிரித்தார். கருவி எதுவுமின்றி மனத்தின் ஆற்றலால் மட்டும் செய்வது முதல் வகை. கோள்கள், மூலப்பொருள்கள், எண்கள் ஆகியவற்றின் துணையால் செய்வது இரண்டாம் வகை. இதனையே திலஸ்மு என்பர். பார்ப்போரின் கற்பனையை மயக்கி இல்லாததை இருப்பதுபோற் காட்டுவது மூன்றாம் வகை. இவ்வாறு நுணுகி வகுத்த அவ்வறிஞரே, சூனியத்துக்கும் திலஸ்முக்குமிடையே ஷரீஅத் வேறுபாடு காணவில்லை, இரண்டும் விலக்கப்பட்டவையே என்றும் உரைத்தார். ஒன்றின் இயல்பை ஆராய்வது வேறு, அதனைத் தொழிலாகக் கொள்வது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அறிஞர் வகுத்த இலக்கணத்தைக் கதைசொல்லிகளும் தம் வழியில் எடுத்தாண்டனர். அமீர் ஹம்ஸாவின் பெயரால் வழங்கும் கதைகளை இங்கு நினைவுகூர்தல் தகும். உஹதுக் களத்தில் ஷஹீதான ஹஜ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் மெய் வரலாறு வேறு. அப்பெயரைச் சூடிய இக்கற்பனைக் கதைகள் வேறு. இக்கதைகள் பாரசீகத்தில் வளர்ந்து, கடல் கடந்து மலாய் மொழியிலும் வழங்கின. அக்பர் பாதுஷா இவற்றுக்குச் சுமார் 1,400 ஓவியங்கள் தீட்டுவித்தார். 1883 முதல் 1893 வரை லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம், முஹம்மத் ஹுசைன் ஜாஹ், அஹ்மத் ஹுசைன் கமர் ஆகிய இருவரின் கைவண்ணத்தில் 'திலிஸ்மே ஹோஷ்ருபா' என்னும் உருதுப் பெருங்கதையைப் பல தொகுதிகளாக வெளியிட்டது.

கிரேக்கச் சொல்லொன்று அரபியில் திலஸ்மாகி, உருதுவில் திலிஸ்மாயிற்று. அப்பெருங்கதையில் அது சூனியக்காரர் சமைத்த ஒரு மாய நாடு. அங்கே மலை நடக்கும்; பாவை பேசும். எனினும் கதாசிரியர் அந்நாட்டைக் கட்டுப்பாடின்றி விடவில்லை. திலிஸ்முக்கு ஆக்கியோன் உண்டு, ஆயுட்காலம் உண்டு, அதனை உடைக்கும் வழியைக் கூறும் 'லவ்ஹு' என்னும் பலகை உண்டு, அதனை வெல்லப் பிறந்தவன் ஒருவனும் உண்டு. ஹம்ஸாவின் அணியைச் சேர்ந்த அமர் அய்யாருக்குச் சூனியம் தெரியாது. தன் மதிநுட்பத்தையும் பெரியோர் அளித்த பொருள்களையும் கொண்டே மாயாவிகளை அவன் வீழ்த்துகின்றான். இந்த வரம்புகள் இல்லையேல் கதையே இல்லை. எதுவும் நடக்கலாம் என்னும் நாட்டில், எதற்கும் அஞ்சவோ எதனையும் எதிர்நோக்கவோ எவருக்கும் தேவையிராதன்றோ?

என் மருமகன் ஆடும் விளையாட்டின் மூலம் அமெரிக்காவில் உள்ளது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் 1974இல் அதனை வெளியிட்டனர். மந்திரவாதி ஒரு மந்திரத்தை மனனம் செய்ய வேண்டும். உச்சரித்ததும் அது நினைவைவிட்டு அகன்றுவிடும். மீண்டும் கற்க வேண்டும் என்பது அதன் விதி. ஜாக் வான்ஸ் என்னும் கதாசிரியர் 1950இல் வெளியிட்ட நூலிலிருந்து இக்கருத்தைப் பெற்றனர். 1987இல் வெளிவந்த 'ஆர்ஸ் மாஜிக்கா' என்னும் மற்றொரு விளையாட்டு, ஆக்கல், அறிதல், மாற்றல், அழித்தல், ஆளல் என ஐந்து வினைகளையும், நீர், நெருப்பு, நிலம், உடல், மனம் முதலாகப் பத்துப் பொருள்களையும் வகுத்து, வினையையும் பொருளையும் இணைத்து 50 வகை மந்திரங்களைத் தோற்றுவித்தது. மருமகன் இதனை விளக்கக் கேட்டபோது எனக்கு ஸர்ஃபுப் பாடமே நினைவுக்கு வந்தது. மூன்றெழுத்து வேரை வெவ்வேறு வஸ்னில் வார்த்துச் சொற்களைப் பிறப்பிப்பதைத்தானே மதரஸாவில் முதலில் கற்கிறோம்! அவன் செய்தது ஒருவகை இலக்கணப் பயிற்சியே. 1980களில் அமெரிக்கத் தாய்மார் சிலரும் என் சகோதரியைப் போலவே அஞ்சினர். இவ்விளையாட்டு பிள்ளைகளைச் சூனியத்தில் தள்ளிவிடும் என்று இயக்கமே நடத்தினர். அவ்வச்சம் மெய்ப்படவில்லை.

அவ்வாறெனில் அஞ்ச வேண்டியது எதனை?

4, 9, 2. 3, 5, 7. 8, 1, 6 என மூன்று வரிசையாக எழுதினால், எப்பக்கம் கூட்டினும் 15 வரும். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்களில் இக்கட்டம் காணப்படுகிறது. கணித மேதை அபுல் வஃபா அல்-பூஸஜானி (940-998) இத்தகைய கட்டங்களை அமைக்கும் முறை பற்றித் தனி நூலே இயற்றினார். அவர் கையில் அது கணிதம். அதே கட்டம் செப்புத் தகட்டில் ஏறி விலைக்கு வருவதை நம் ஊர்ப்புறங்களில் நாம் கண்டதில்லையா?

கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத ஓராண்டில், எனக்குத் தெரிந்த உழவர் குடும்பமொன்று, வயலில் யாரோ செய்வினை செய்துவிட்டதாக நம்பிற்று. தகடு எழுதும் ஒருவர் வந்து வரப்பில் ஒன்றைப் புதைத்தார். பயிர் கருகிற்று. எதிரி வலியவன், இன்னொன்று வேண்டும் என்றார். அதுவும் பலிக்கவில்லை, மூன்றாவது வேண்டும் என்றார். மூன்றாவதற்காக அவ்வீட்டுப் பெண்ணின் காதணி அடகுக்குப் போயிற்று. அது திரும்பி வரவேயில்லை. வாய்க்காலில் நீர் வராததற்கு வரப்பில் தகடு புதைத்தால் என்ன பயன் என்று நான் அன்றே உரக்கக் கேட்டிருக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும் சபையில் ஏன் பேசவேண்டும் என்று வாளாவிருந்துவிட்டேன். அக்குறை இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

இப்போது இரண்டையும் ஒப்புநோக்குங்கள். கதையின் மந்திரம் தன்னைக் கட்டுக்கதை என்று ஒப்புக்கொள்கிறது; எங்கே தோற்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தகடு விற்பவரின் மந்திரத்துக்கு எல்லையும் இல்லை, தோல்வியும் இல்லை. பலித்தால் தகட்டின் பெருமை, பலிக்காவிட்டால் எதிரியின் வலிமை. இத்தகைய விதியை எந்தப் பிள்ளையும் தன் விளையாட்டில் சேர்க்கமாட்டான்; உடன் ஆடுவோர் ஒப்பமாட்டார்கள்.

ஹாரூத், மாரூத் ஆகிய இருவரும், தாம் ஒரு சோதனையே என எச்சரிக்காமல் எவருக்கும் எதனையும் கற்பிக்கவில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் அறிவிக்கின்றது. ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களையும் எண்ணிப் பாருங்கள். மூஸா நபி (அலை) அவர்களின் கைத்தடி நிகழ்த்தியதைக் கண்டு, அத்திடலில் முதலில் ஸுஜூதில் விழுந்தவர்கள் அவர்களே. தம் வித்தையின் எல்லை எது என்பதை அவர்கள் துல்லியமாக அறிந்திருந்தமையால், எல்லைக்கு அப்பாற்பட்டதை உடனே அடையாளங் கண்டுகொண்டனர் என விரிவுரையாளர் கூறுவர்.

மருமகனிடம் இவ்வளவையும் சொன்னேன். "எழுது. ஆனால் அல்லாஹ்வின் திருநாமங்களையும் திருவசனங்களையும் அதற்குள் கொண்டுவராதே. இது கட்டுக்கதை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவை" என்றேன். அவன் தலையசைத்தான். பின்னர் என் சகோதரியை அழைத்து, அந்த ஏட்டை அவளிடமே படித்துக் காட்டச் சொன்னேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை இருவரும் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.