'எத்துணைக் காலமாகப் பணிபுரிகின்றீர்கள்?' – செருமானிய வினாவொன்றின் வரலாறு

செருமானியம் பயிலத் தொடங்கிய தமிழ் மாணவர், முதியவர் ஒருவரிடம் 'எத்துணைக் காலமாக இங்குப் பணிபுரிகின்றீர்கள்?' என்று வினவ விழைகின்றார் எனக் கொள்வோம். அதற்குரிய தொடர் 'வீ லங்ஙெ அர்பைட்டன் ஸீ ஷோன் ஹீர்?' என்பது. இதில் அர்பைட்டன் நிகழ்கால வினை. ஆயின் ஆங்கில வழியே வந்த மாணவர், அம்மொழியின் முற்றுநிலை வடிவத்தை அப்படியே பெயர்த்து, வினையை இறந்தகாலமாக்கி விடுகின்றார். கேட்பார்க்கு அது பணி முடிந்துவிட்டது என்னும் பொருளையே பெரும்பாலும் தரும். பணியில் இருப்பவரை ஓய்வுபெறச் செய்யும் இப்பிழை தமிழர்க்கு நேரவேண்டுவதே இல்லை. தமிழும் இவ்விடத்து நிகழ்காலமே வேண்டி நிற்கின்றது.

இவ்வொற்றுமை இன உறவால் வந்ததன்று. எனினும் இருமொழிகளின் கால அமைப்பு வரலாறு ஓரளவு ஒப்புநோக்கத் தக்கது. பழஞ் செருமானியத்தில் வினைத்திரிபு இரண்டே காலங்களைக் காட்டிற்று: ஒன்று இறந்தகாலம், மற்றொன்று இறவாக்காலம். பழந்தமிழ் நிலையும் இதனின் மிக வேறன்று. தொல்காப்பியர் காலம் மூன்று என்றார். ஆயினும், நிகழ்கால இடைநிலைகளை ஆநின்று, கின்று, கிறு என வகுத்துக் கூறியவர் நன்னூலாரே. சங்கச் செய்யுட்களில் கின்று மிக அரிது. பிற்காலத்தே தமிழ் நிகழ்காலத்திற்குத் தனியுருபு பெற்றது, செருமானியம் பெறவில்லை. ஆதலின் அங்கு ஒரே வடிவம் இன்றும் நிகழ்வதையும் எதிர்வதையும் ஒருங்கே சுட்டுகின்றது.

இவ்வினாவை 'ஸைட் வன்', அஃதாவது 'எப்பொழுதிலிருந்து', என்று தொடங்குவதும் உண்டு. ஸைட் என்னும் சொல் முதற்கண் 'பின்னர்' என்னும் பொருளதாய் இருந்தது. இன்று அது தொடங்கிய ஆண்டோடும் வரும். கழிந்த ஆண்டுகளின் தொகையோடும் வரும். தமிழோ '1950 முதல்' எனவும் 'பத்து ஆண்டுகளாக' எனவும் இவற்றை வேறுபடுத்தும். இங்குத் தமிழே நுட்பமுடையது என்பது எம் கருத்து.

இனி, 'பணி' என்பதற்கு எச்சொல்லை ஆள்வது என்பது எளிய வினாவன்று. அர்பைட் என்பது இடைக்காலச் செருமானியத்தில் துன்பம், இடர்ப்பாடு என்று பொருள்பட்டது. நிபெலுங்கர் காப்பியத்தின் தொடக்கத்தில் அப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. அம்ட் என்பது அரசு அலுவற் பொறுப்பு. கெல்த்திய மொழியில் ஏவலாளனைக் குறித்த சொல்லினின்று வந்தது. ஷ்டெல்லெ என்பது ஒருவர் அமர்ந்துள்ள பணியிடம். பெரூஃப் என்பதோ 'அழைத்தல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. இறைவன் அழைப்பைக் குறித்த அச்சொல்லை உலகியல் தொழிலுக்கும் உரியதாக்கியது லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பு என்று மாக்சு வேபர் 1904-05இல் வெளியிட்ட கட்டுரைகளில் விரித்துரைத்தார். ஆசிரியர் ஒருவர் பெரூஃபில் முப்பது ஆண்டும் ஷ்டெல்லெயில் இரண்டே ஆண்டும் கழித்திருத்தல் கூடும். எதனைக் கேட்கின்றோம் என்று தெளியாதார்க்கு விடையும் தெளிவாகக் கிட்டாது.

விளிக்கும் முறையிலும் வரலாறு படிந்துள்ளது. 9ஆம் நூற்றாண்டில் ஒட்ஃபிரிட் என்னும் துறவி ஆயரொருவரை முன்னிலைப் பன்மையால் விளித்தார். பின்னர்ப் படர்க்கை ஒருமையும் முன்னிலைக்கு வந்தது; முதலில் மதிப்புச் சொல்லாயிருந்த அது நாளடைவில் ஏவலரை விளிக்கும் சொல்லாய்த் தாழ்ந்தது. 1836-37இல் பியூக்னர் எழுதிய 'வொய்ட்செக்' நாடகத்தில், தனக்கு முகம் மழிக்கும் படைவீரனைத் தலைவன் அவ்வாறே விளிக்கின்றான். இன்று வழங்கும் ஸீ படர்க்கைப் பன்மையே. தற்சுட்டுப் படர்க்கைப் பன்மையாகிய 'தாங்கள்' தமிழில் முன்னிலை மதிப்புச் சொல்லானதை ஈண்டு ஒப்பு நோக்குக.

இவ்விரு மொழிகளும் தரங்கம்பாடியில் நேர்ப்பட்டன. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு இயற்றிய தமிழிலக்கணம் 1716இல் ஆல்லே நகரில் அச்சாயிற்று. அவர் அதனைச் செருமானியத்தில் எழுதாது இலத்தீனில் எழுதினார். இலத்தீனும், நெடுநாளாகத் தொடர்ந்து வரும் செயலை நிகழ்காலத்தாலேயே கூறும் மொழி. இம்முறையில் மாறுபடுவது, நம் மாணவர்க்கும் செருமானியத்திற்கும் இடையே பின்னர் வந்து நின்ற ஆங்கிலமே.